வாப்பாவுக்கு ஒரு மூச்சு

குவைத்திலிருந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பும்போது யாக்கூப் மனதில் வைத்திருந்த ஆசையை வெளியே சொல்லியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். வீட்டுக்கு மாடி எடுப்பதல்ல. பஜாரில் கடை போடுவதல்ல. கூடத்தில் பாயை விரித்து, மனைவி மக்களோடு வட்டமாக உட்கார்ந்து ‘பழம்’ ஆட வேண்டும். தன் கை பாயில் விழ வேண்டும், அதன்மேல் மற்றவர்களின் கைகள் தப்தப்பென்று வந்து விழ வேண்டும், புறங்கை சிவந்து எரிய வேண்டும். அவ்வளவுதான். மகன் அஹ்சன் தோஹாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தடவையாவது அது நடந்துவிட்டால் போதும்.

‘பழம்’ சீட்டாட்டம்தான். ஆனால் சீட்டு என்ற பேச்சையே அவர் மனைவி ஜாஹிரா பீவி வீட்டுக்குள் விடமாட்டாள். ராஜாவும் ராணியும் இருக்கிற கட்டு வாசற்படி தாண்டக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். அதனால்தான், அஹ்சன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் லீவில் வந்திருந்த யாக்கூப், குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பொம்மைக் கடையில் அந்தச் சின்னக் கட்டைப் பார்த்தபோது, வாங்குவதற்கு முன் மனைவியிடம் காட்டி அனுமதி கேட்டார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சீட்டுகள். ஆப்பிள், ஆரஞ்சு, அன்னாசி, மாம்பழம், திராட்சை, வாழை என்று படங்கள் மட்டும். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"பழந்தானே, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். ஆட்டத்துக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

கட்டை எல்லாருக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முறை வந்தவர் தன் பங்கின் மேல் சீட்டை நடுவில் மலர்த்திப் போட வேண்டும். முந்தின சீட்டில் இருந்த பழமே மறுபடியும் விழுந்தால் உடனே அடி. யார் உள்ளங்கை முதலில் குவியலில் விழுகிறதோ அவருக்கு மொத்தக் குவியலும். கை காலியானவர் வெளியே. முதலில் காலியானவருக்குத் ‘தொலி’ என்று பெயர். பழத்தைத் தின்றுவிட்டுத் தூர எறிகிற தொலி. தொலியானவர்தான் எல்லாருக்கும் டீ போட வேண்டும். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் அந்த வீட்டில் யாரும் இரண்டு ஆட்டத்தோடு எழுந்ததில்லை. கட்டு வந்த அட்டைப்பெட்டி பிய்ந்துபோன பிறகு, யாக்கூப் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஒரு தைல டப்பாவில் அது குடியேறியது. டப்பா சட்டைப்பைக்குள் அடங்கும். சீட்டெல்லாம் தைல வாசம் அடிக்கும்.

யாக்கூப் குவைத்துக்குப் போனது கல்யாணமான கையோடு. வேலை ஒரு தெருமுனை மளிகைக் கடையில். பக்காலா என்பார்கள் அங்கே. அரிசி மூட்டையையும் தண்ணீர்ப் பெட்டிகளையும் தோளில் ஏற்றி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில் முழங்கால் தேய்ந்தது. தெருப் பிள்ளைகள் அரபியில் நண்பன் என்ற அர்த்தத்தில் ‘சதீக்’ என்று கூப்பிடுவார்கள். கடையில் நிற்கிற எவனும் அவர்களுக்குச் சதீக்தான். அவருடைய பெயர் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு. மகள் அதீபாவை அவர் முதன்முதலில் தூக்கப் போனபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். அந்நிய ஆள் என்று அலறிக்கொண்டு ஓடி உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தாள். அந்த லீவு முடிகிறவரை அவள் அவரிடம் வரவே இல்லை.

வீடியோ கால் வந்த பிறகுதான் யாக்கூபுக்கு வீடு என்று ஒன்று கண்ணில் தெரிய ஆரம்பித்தது. அதன் பிறகு டிக்கெட் காசை மிச்சம் பிடித்து, லீவுக்கும் ஊர் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடை மூடியிருக்கிற மத்தியானத்தில், பின்பக்கக் கிட்டங்கியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஊருக்குப் போன் போடுவார். தென்காசியில் அப்போது சாயங்காலம் ஆகியிருக்கும். கூடத்தில் பாய் விரித்திருக்கும். ஜாஹிரா, அஹ்சன், அதீபா, அப்புறம் ஜாஹிராவின் தம்பி ஹுஸைஃபா. குற்றாலத்துக்கு வேன் ஓட்டுகிறவன், பக்கத்துத் தெருவில்தான் வீடு. சீசன் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு அக்கா வீட்டுப் பாயில் இருப்பான்.

அதீபாதான் வாப்பாவின் கை. இடது கையில் போனைப் பிடித்து, நடுவில் விழுகிற சீட்டு தெரியும்படி கவிழ்த்துக் காட்டுவாள். யாக்கூப் அங்கிருந்து "அடி" என்று கத்தினால் இவள் வலது கை இறங்கும். அவளுக்கென்று தனிப்பங்கு கிடையாது. ஆட்டம் நடக்கும்போது யாக்கூபுக்கு யார் முகமும் தெரியாது. குவியல், அதைச் சுற்றி வட்டமாகக் கொஞ்சம் பாய், திடீரென்று மேலிருந்து வந்து விழுகிற கைகள். ஜாஹிராவின் கண்ணாடி வளையல். ஹுஸைஃபாவின் கிரீஸ் படிந்த நகம். அஹ்சனின் கை வருடத்துக்கு வருடம் பெரிதாகி, நரம்பு புடைத்து, ஆம்பிளைக் கையானதை அவர் அந்த வட்டத்துக்குள் வைத்துத்தான் பார்த்தார். கைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற சத்தம் போனில் கேட்கும்போது, மூட்டைமேல் இருந்த தன் கையை அவர் அறியாமல் தடவிக்கொள்வார்.

முதல் சில வாரங்கள் தோற்றார். அப்புறம் ஜெயிக்கத் தொடங்கினார். எல்லா ஆட்டமும் இல்லை, ஆனால் பாதிக்குப் பாதி. அறைக்கூட்டாளிகள் "இன்னிக்கு என்னாச்சு பாய்?" என்று கேட்டால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். குவைத்தில் அவர் பெருமை பேசுகிற விஷயம் அது ஒன்றுதான். இங்கே இருந்துகொண்டே அங்கே இருக்கிறவர்களை அடிக்கிறேன் பாருங்கள் என்பார்.

சாரல் தொடங்கிய வாரம் ஊர் வந்து சேர்ந்தார். அஹ்சனுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு விசா வந்துவிட்டது, டிக்கெட் மட்டும் வரவேண்டும் என்று ஜாஹிரா சொன்னதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகன் போவதற்குள் ஒரு மாதமாவது ஒரே கூரையின் கீழ் இருந்துவிட வேண்டும். வந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்தபோது பாய் விரித்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே, நாலாக மடித்த புது பெட்ஷீட்டை அவருக்கென்று போட்டிருந்தாள் ஜாஹிரா. அஹ்சன் சீட்டைப் பங்கிட்டான். அதீபாவின் முறை வந்ததும் அவன் கை நின்றது.

"ஒனக்கு ஏதுட்டி பங்கு? நீ வாப்பா கையில்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதீபாவும் சிரித்தாள். ஆனால் முதல் தடவையாகத் தனக்கென்று வந்த சீட்டுகளை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாம்பழத்தின்மேல் மாம்பழம் விழுந்தது. யாக்கூபின் கை பாய்ந்தது.

அவர் கை மட்டும்தான்.

நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்களின் கைகள் தோள் உயரத்தில் அப்படியே நின்றிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி அவரவர் மடிக்குப் போயின. "மச்சான் கை மின்னல்லா" என்றான் ஹுஸைஃபா. குவியலை அள்ளி அவர் முன்னால் தள்ளினார்கள். அடுத்து திராட்சை. அடுத்து வாழை. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே மொத்தக் கட்டும் யாக்கூபின் கையில் இருந்தது. அதீபா தொலியாகி டீ போட எழுந்து போனாள். அவர் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒரு விரல்கூட அதன்மேல் பட்டிருக்கவில்லை.

முதல் நாள் கூச்சம் என்று நினைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதேதான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். போட்டி போட்டுக்கொண்டு அடிப்பார்கள் என்று பார்த்தால், அவர் அடித்து முடிக்கிறவரை எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி இருந்தார்கள். ஒன்று மட்டும் அவர் கண்ணில் பட்டது. ஆட்டம் நடக்கிறபோது அதீபாவின் இடது கை சும்மா இருப்பதில்லை. நெஞ்சு உயரத்தில், விரல்கள் லேசாக மடங்கி, எதையோ பிடித்திருக்கிற மாதிரி அந்தரத்தில் நிற்கும். என்ன பழக்கம் இது என்று நினைத்தாரே ஒழிய அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் எல்லாம் நடந்தது. மீன் குழம்பில் நடுத்துண்டு அவர் தட்டில்தான் விழும். அவர் கூடத்துக்குள் வந்தால் டி.வி. சத்தம் குறையும். அவர் எழுந்திருப்பதற்கு முன் குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். அஹ்சனும் அதீபாவும் அடுக்களையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அவர் போய் நின்றால், "என்ன வாப்பா, ஏதும் வேணுமா?" என்று எழுந்து நிற்பார்கள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டுக்காக எத்தனை மாடி ஏறி இறங்கினோம், இந்தப் பாயில் நமக்கு இடம் எங்கே இருக்கிறது என்று யாக்கூபின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. யாரிடம் சொல்வது? மரியாதை தருகிறார்கள் என்று எவனாவது புகார் சொல்வானா?

டிக்கெட் வந்தது. சனிக்கிழமை விமானம். அதற்கு முந்தின வியாழக்கிழமை ஹுஸைஃபா சவாரி எதையும் எடுக்காமல் எல்லாரையும் வேனில் ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப் போனான். சாரல் மெல்ல விழுந்துகொண்டே இருந்தது. ஆண்கள் பக்கம் அஹ்சன் வாப்பாவின் முதுகைப் பிடித்து அருவிக்குக் கீழே நிறுத்தினான். தலையில் இறங்கிய தண்ணீரில் யாக்கூபுக்கு மூச்சு முட்டியது. கண்ணீர் வந்தாலும் தெரியாத இடம் அது. கொஞ்சம் அழுதும் கொண்டார்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. சூடான நேந்திரங்காய் சிப்ஸும் ஒரு பை மங்குஸ்தானும் கையில் இருந்தன. அதீபா துண்டை நாலாக மடித்து வேன் இருக்கைகள் இரண்டுக்கு நடுவே வைத்தாள். அஹ்சன் சட்டைப்பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தான். இன்றைக்காவது என்று நினைத்துக்கொண்டார் யாக்கூப்.

முதல் அடி அவருடையது. இரண்டாவதும். அன்னாசிச் சீட்டில் ஹுஸைஃபாவின் விரலிலிருந்து மங்குஸ்தான் தோல் சாறு பட்டுக் கறையாகியது. ஹுஸைஃபா தொலியானான். யாராவது தன்னோடு மல்லுக்கு நிற்கட்டும் என்ற ஏக்கத்தில் யாக்கூப் அவனைச் சீண்டினார்.

"ஏலே, இது ஸ்டியரிங் பிடிக்க கையா, சப்பாத்திக் கட்டையா? நான் குவைத்துல இருந்தே ஒன்னைய அடிச்சவன்."

"பெருமை போதும் மச்சான்" என்றான் ஹுஸைஃபா, மங்குஸ்தானை வாயில் ஒதுக்கிக்கொண்டு. "அந்த ஒரு மூச்சு மட்டும் இல்லேன்னா எல்லா வெள்ளிக்கிழமையும் நீங்கதான் தொலி."

"ஏலே ஹுஸைஃபா" என்று ஜாஹிரா மெல்ல அதட்டினாள். அதற்குள் யாக்கூப் கேட்டுவிட்டார், எந்த மூச்சு என்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பிக்க வழியில்லாமல் ஹுஸைஃபாதான் சொன்னான்.

குவைத்திலிருந்து வருகிற குரல் பிந்தித்தான் வரும். "அடி" என்று அவர் கத்துவது தென்காசியில் கேட்பதற்குள் கைகளெல்லாம் விழுந்து முடிந்திருக்கும். தொடக்கத்தில் அவர் தோற்றுக்கொண்டே இருந்தது அதனால்தான். ஒருநாள் சின்னப் பிள்ளையாக இருந்த அதீபா போனைப் பாயில் போட்டுவிட்டு, வாப்பாவே எப்பவும் தொலியா என்று புரண்டு புரண்டு அழுதாள். அன்றைக்கு ஜாஹிரா ஒரு சட்டம் போட்டாள். ஒரே பழம் விழுந்தால் எல்லாரும் கையைத் தூக்கலாம், ஆனால் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அடிக்கக் கூடாது. அதற்குள் குரல் வந்தால் அதீபாவின் கை முதலில் இறங்கும். வராவிட்டால் மற்றவர்கள் அடிக்கலாம். வாப்பாவுக்கு ஒரு மூச்சு. இதை அவரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. போனில் தெரிவது குவியல்தானே. தூக்கிய கைகள் அந்த வட்டத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

"இப்பதான் நீங்க எதுக்க இருக்கியளே, இனி வேண்டாம்னு பேசி வச்சோம் வாப்பா" என்றான் அஹ்சன், தலையைக் குனிந்தபடி. "கை கேக்க மாட்டேங்கு. பழம் விழுந்தா அதுவா தூக்குது, அதுவா நிக்கிது."

யாக்கூப் அதீபாவைப் பார்த்தார். அவள் இடது கை அப்போதும் நெஞ்சு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் பார்வையைக் கண்டதும் சட்டென்று கீழே இறக்கித் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். அவளும் அவர்களும் இத்தனை நாளாகப் பாயில் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று அவருக்குப் புரிந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற யாக்கூபுக்காக இல்லை. போனுக்குள் இருந்த யாக்கூபுக்காக. அவன் இன்னும் குரல் கொடுக்கவில்லை.

சீட்டுகளை அடுக்கி டப்பாவில் போட்டு மூடினார்.

அன்று வீடு வந்து சேர்ந்ததும், அடுக்களையில் ஜாஹிரா மீன் உரசிக்கொண்டிருந்தபோது போய் நின்றார். வழக்கமாக உயராத அவர் குரல் உயர்ந்தது.

"ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன் ஜாஹிரா, நான் ஜெயிக்கேன் ஜெயிக்கேன்னு. சின்னப்பிள்ளைக்கு விட்டுக் குடுக்க மாதிரி விட்டுக் குடுத்திருக்கிய. எல்லாரும் சேர்ந்து என்னையப் பொம்மையாக்கிட்டிய."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையில் செதிலோடு திரும்பினாள்.

"உங்க சத்தம் வருத வரைக்கும் நாங்க கையைத் தூக்கிட்டு இருந்தோம். ஒருநாள் இல்ல ரெண்டு நாள் இல்ல, எம்புட்டோ வெள்ளிக்கிழமை. அது உங்களுக்குக் கொறச்சலாத் தெரியுதா?"

அவர் கூடத்துக்குத் திரும்பி நடந்தார். தோற்றவனைவிட, தோற்காமல் பார்த்துக்கொள்ளப்பட்டவனுக்கு ரோஷம் அதிகம் போலிருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரில் அஹ்சனுக்குக் கடைசி நாள். அஸர் முடிந்ததும் அவனே பாயை விரித்து, டப்பாவைத் திறந்து, யாக்கூப் படுத்திருந்த அறை வாசலில் வந்து நின்றான்.

"வாப்பா, ஒரே ஒரு ஆட்டம். டீத்தண்ணி கொதிக்கதுக்குள்ள முடிஞ்சிரும்."

எழுந்து ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. தலை வலிக்கி, நீங்க ஆடுங்க என்றது. அஹ்சன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். கூடத்தில் சீட்டுச் சத்தம் வருகிறதா என்று யாக்கூப் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். வரவில்லை. அவர் இல்லாமல் அவர்கள் ஆடவில்லை. வெகுநேரம் கழித்து ஜாஹிரா பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை ஹுஸைஃபாவின் வேனில் செங்கோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கித் திருவனந்தபுரம் போனார்கள். விமான நிலைய வாசலில் அஹ்சன் உம்மாவைக் கட்டிக்கொண்டான், தங்கையின் தலையில் செல்லமாகக் குட்டினான். வாப்பாவிடம் வந்து ஸலாம் சொல்லிக் கையை நீட்டினான். யாக்கூப் அந்தக் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய கை. உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. போனில் இது தெரிந்ததே இல்லை. ‘நேத்து ஆடியிருக்கலாம்லே’ என்று சொல்ல நினைத்தார். சொல்வதற்குள் பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், அஹ்சன் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கண்ணாடிக்கு அப்பால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான். தூக்கிய கை தோள் உயரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

திரும்பி வருகிற வழியில், ஆரியங்காவு மழையில் வேன் ஊர்ந்துகொண்டிருந்தபோது யாக்கூப் குலுங்கிக் குலுங்கி அழுதார். எந்த ஒன்றுக்காகக் கடல் தாண்டி வந்தாரோ அதைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜாஹிரா தன் முந்தானை நுனியை அவர் மடியில் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாயை விரித்தது யாக்கூப். மடித்த பெட்ஷீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் பாயில் உட்கார்ந்தார். ஹுஸைஃபாவை அவரே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார். அவன் பயந்து பயந்து வந்து ஓரத்தில் உட்கார்ந்தான். "என்னலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இருக்க? உள்ள தள்ளி உக்காரு" என்றார்.

போன் அடித்தது. அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் கூரை தலையில் இடிக்க உட்கார்ந்திருந்தான் அஹ்சன். ஒரு வாரத்தில் இளைத்துவிட்டான் என்றாள் ஜாஹிரா. இல்லை என்றான் அவன். என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், அதற்கு முந்தின கேள்விக்கான பதில் வந்தது. இரண்டு பேர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடித்துக்கொண்டன. அதீபா போனை இடது கையில் வாங்கினாள். மடங்கிய அந்த விரல்களுக்குள் அது சரியாகப் போய் உட்கார்ந்தது.

"அண்ணன் கை யாரு?" என்றாள்.

"நீதான், வேற யாரு?" என்றான் ஹுஸைஃபா.

"நான்" என்றார் யாக்கூப். "இவ இவளுக்கு ஆடட்டும். என் பங்கை அவனுக்குப் போடு."

"அப்ப நீங்க ஆடலையா வாப்பா?" என்று போனிலிருந்து கேட்டான் அஹ்சன்.

"நான் ஆடுனது போதும்லே. நீ கண்ணைத் தொறந்து வச்சுக்கோ."

சீட்டுகள் விழுந்தன. ஆரஞ்சு, வாழை, திராட்சை. மங்குஸ்தான் கறை படிந்த அன்னாசி விழுந்தது. அதன்மேல் ஜாஹிரா போட்டது இன்னொரு அன்னாசி.

கைகள் எழுந்தன. யாக்கூபின் கையும் எழுந்தது, நின்றது. மூச்சை உள்ளே இழுத்தார்.

தோஹாவிலிருந்து குரல் வரவில்லை.

எவ்வளவு நீளமான மூச்சு இது. கிட்டங்கியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கத்திய காலத்தில், கத்திய கணமே இங்கே கேட்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இந்தப் பக்கம் இவ்வளவு நேரம் கிடக்கிறது என்று யார் கண்டது? சுற்றிலும் பார்த்தார். ஜாஹிராவின் வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து நின்றன. அதீபாவின் கண் போனில் இருந்தது. அவசரக்காரன் ஹுஸைஃபாகூட உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கிய கையை அசைக்காமல் வைத்திருந்தான். இப்படித்தான் இருந்திருக்கிறார்கள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு பழத்துக்கும், அவர் வந்து சேர்கிறவரை.

மூச்சு தீர்ந்தது. குரல் இன்னும் வரவில்லை. ஹுஸைஃபாவின் கை அசைந்தது.

யாக்கூப் அடித்தார். அவர் கைமேல் ஹுஸைஃபாவின் கை விழுந்தது, அதன்மேல் அதீபாவின் கை, எல்லாவற்றுக்கும் மேலே வளையல் குலுங்க ஜாஹிராவின் கை. தப், தப், தப். கூரைக்கு அந்தப் பக்கம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. புறங்கை சுள்ளென்று எரிந்தது.

"அடி" என்றான் அஹ்சன், தோஹாவிலிருந்து. "வாப்பா, யாருக்கு? எனக்கா?"

ஹுஸைஃபா வாயைத் திறந்தான். ஜாஹிரா அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"ஒனக்குத்தான்லே" என்றார் யாக்கூப். "ஒன் கைதான் முந்திச்சு."

அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. அறையில் யாரிடமோ, வீட்டில நான் ஜெயிச்சுட்டேன் என்று சொல்வதும் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று அதீபா போனைத் திருப்பப் போனாள்.

"திருப்பாதட்டி" என்றான் அஹ்சன். "கை தெரியுது. யாரும் கையை எடுத்துராதிய. கொஞ்ச நேரம் அப்படியே வைங்க."

யாரும் எடுக்கவில்லை. எல்லாருடைய கைகளுக்கும் அடியில், குவியலோடு அழுந்திக் கிடந்த தன் கையை யாக்கூப் மெல்ல விரித்தார், அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் அது தெரியட்டும் என்று.